ஃபிக்மா டெவ் மோட்: கோப்பு ஒழுங்காக இருந்தால் கொடுக்கும் காசுக்குத் தகும்

வெப்சைட் டிசைன் கெட்டுப்போவது பெரும்பாலும் அது டெவலப்பர் கைக்குப் போகும் இடத்தில்தான். அந்த இடத்துக்கென்றே, டிசைன் வரையும் மென்பொருளான ஃபிக்மா கொண்டுவந்தது டெவ் மோட். 2023 ஜூனில் சோதனைப் பதிப்பாக வெளியானது. சில மாதம் இலவசமாக இருந்து, 2024 ஜனவரி கடைசியில் கட்டணச் சேவையானது. ஷிஃப்ட்டையும் டி-யையும் சேர்த்து அழுத்தினால் போதும். டிசைன் அப்படியே இருக்க, வலப்பக்கப் பேனல் டெவலப்பருக்கானதாக மாறிவிடும். அளவு, நிறம், எழுத்துரு, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோட், எடுத்துக்கொள்ள வேண்டிய படங்கள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். ஐபோனுக்கு ஸ்விஃப்ட்யுஐ, ஆண்ட்ராய்டுக்கு காம்போஸ் என்று மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. இங்கே பேசப்போவது வெப் மட்டும்.

தினமும் யுஐ, அதாவது திரையில் தெரியும் பகுதி, எழுதும் டெவலப்பருக்கு இது வாங்கத் தகுந்த கருவி. ஆனால் டெவ் மோட் கோப்பில் இருப்பதைத்தான் காட்டும்; டிசைனர் மனதில் இருப்பது அதற்குத் தெரியாது. கையால் இழுத்து நகர்த்தி, கண்ணளவில் பொருத்தி வைத்த டிசைனை அதில் திறந்தால், தப்பான எண்களை நேர்த்தியான சிஎஸ்எஸ்ஸாக எடுத்துக் கொடுக்கும். டெவலப்பர் அதை நம்பி ஒட்டுவார். அதனால் கருவி நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் பாதி கோப்பில்தான் இருக்கிறது. கீழே இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்.

கோட் பேனலை எவ்வளவு நம்பலாம்

மொபைல் ஸ்கிரீனை 375 பிக்சல் அகலத்தில் வரைந்து, இரு பக்கமும் 16 விட்டு நடுவில் ஒரு கார்டு வைத்தால் கார்டின் அகலம் 343. அதை 'ஃபிக்ஸட்' (மாறாத அகலம்) என்றே விட்டிருந்தால் கோட் பேனலிலும் 'விட்த் 343 பிக்சல்' என்றுதான் வரும். அதை அப்படியே ஒட்டினால் என்ன ஆகும்? 360 அகலமுள்ள போனில் வலப்பக்க இடைவெளி 1 பிக்சலாகச் சுருங்கிவிடும். 390 அகலத்தில் 31 ஆக விரியும். 320-இல் கார்டு திரையைத் தாண்டி, பக்கம் முழுவதும் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். அதே கார்டை, உறுப்புகளை இடத்துக்கேற்பத் தானே அடுக்கும் ஆட்டோ லேஅவுட்டுக்குள் வைத்து அகலத்தை 'ஃபில்' (இருக்கும் இடத்தை நிரப்பு) என்று மாற்றுங்கள். 343 காணாமல் போய், அந்த இடத்தில் 'அலைன்-செல்ஃப் ஸ்ட்ரெட்ச்' வந்து நிற்கும். இது எந்த அகலத்திலும் சரியாக உட்காரும். டிசைனர் மாற்றியது ஒரே ஒரு அமைப்பு. டெவலப்பர் பக்கத்தில் ஒரு பிழை பிறக்காமலே போகிறது.

இதைச் சோதிக்க எளிய வழி, ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு மொபைல் ஃபிரேமின் (திரையை வரைந்த பெட்டியின்) ஓரத்தையும் பிடித்து 320 வரை சுருக்கி, 430 வரை விரித்துப் பார்ப்பது. எது நொறுங்குகிறதோ அது கோட்டிலும் நொறுங்கும். 'குரூப்' செய்து வைத்தவை இந்தச் சோதனையில் முதலில் சிக்கும். குரூப்புக்குப் பேடிங்கும் (உள் ஓர இடைவெளி) கிடையாது, இடைவெளி விதியும் கிடையாது. டெவ் மோட்டிடம் அதைப் பற்றிச் சொல்ல அகலமும் உயரமும் தவிர வேறொன்றும் இல்லை. எல்லாக் குரூப்பையும் ஃபிரேமாக்கி ஆட்டோ லேஅவுட் போடுங்கள். 2023 முதல் குறைந்தபட்ச, அதிகபட்ச அகலமும் கொடுக்கலாம். கார்டு 280-க்குக் கீழே சுருங்கக் கூடாது என்றால் அதைக் கோப்பிலேயே பதிந்துவிடலாம், வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கோப்பு சரியாக இருந்தாலும் பேனல் தரும் கோட்டில் ஒன்றிரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒரு வரிசையில் ஐகானுக்குப் பக்கத்தில் மீதி இடத்தை நிரப்பும் டெக்ஸ்ட்டுக்கு 'ஃப்ளெக்ஸ் 1 0 0' என்று தரும். சின்ன டெக்ஸ்ட் இருக்கும்வரை சிக்கல் இல்லை. நீளமான மின்னஞ்சல் முகவரியோ இணைய முகவரியோ வந்தால் பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே போகும். ஃப்ளெக்ஸ் உறுப்புகளின் குறைந்தபட்ச அகலம் இயல்பாகவே உள்ளடக்கத்தின் அளவு என்பதுதான் காரணம். 'மின்-விட்த் 0' என்பதையும், நீளச் சொல்லை உடைக்கும் 'ஓவர்ஃப்ளோ-ரேப்' விதியையும் டெவலப்பர் தானே சேர்க்க வேண்டும். டெவ் மோட் இதை நினைவூட்டாது.

பார்டர் விஷயம் இன்னும் நுணுக்கமானது. 20 பிக்சல் வரி உயரம், மேலும் கீழும் 12 பேடிங், உள்பக்கமாக 1 பிக்சல் ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) கொண்ட ஒரு பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிக்மாவில் இதன் உயரம் 44. ஆட்டோ லேஅவுட் இயல்பாக ஸ்ட்ரோக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரவுசரில் அதே கோடு பார்டராகி இடம் பிடிக்கும். உயரம் 46 ஆகிவிடும். பார்டர் இல்லாத பட்டன் பக்கத்தில் இதை வைத்தால் 2 பிக்சல் துருத்திக்கொண்டு நிற்கும். 'டிசைனில் இருக்கிற மாதிரி இல்லை' என்று டெஸ்டிங்கில் திரும்பி வரும் குறைகளில் இந்த வகை நிறைய. ஆட்டோ லேஅவுட்டின் கூடுதல் அமைப்புகளில் ஸ்ட்ரோக்கை லேஅவுட்டில் சேர்க்கும்படி மாற்றி, பேடிங்கை 11 ஆக்கிவிட்டால் இரண்டு பக்கமும் 44. டிசைன் சிஸ்டத்தின் அடிப்படைக் காம்போனென்ட்டுகளில் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் உறுப்புகளில்) ஒருமுறை செய்தால் போதும்.

மங்கலாக்கும் விளைவான லேயர் பிளர் பற்றியும் ஒரு வார்த்தை. டிசைன் பேனலில் 24 என்று இருப்பது சிஎஸ்எஸ்ஸில் 12. டெவ் மோட்டின் கோட் இதைச் சரியாகப் பாதியாக்கியே தருகிறது. டிசைன் பேனலைப் பார்த்துக் கையால் எண்ணை எடுத்து எழுதினால்தான் இரட்டிப்பு மங்கல் வரும்.

வேரியபிள்: பெயரில்தான் எல்லாம்

டெவ் மோட் வந்த அதே நேரத்தில் ஃபிக்மா வேரியபிள்களையும், அதாவது பெயரிட்டு வைத்த மதிப்புகளையும், கொண்டுவந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. நிறத்துக்கு 'கலர், டெக்ஸ்ட், பிரைமரி' என்று சாய்கோடு போட்டு வேரியபிள் வைத்திருந்தால், பேனலில் நிறத்தைக் குறிக்கும் வெறும் ஹெக்ஸ் எண் வராது. அந்தப் பெயரே சாய்கோடுகள் சிறுகோடுகளாக மாறி, சிஎஸ்எஸ் வேரியபிளாக வரும். கூடவே பக்கத்தில் மாற்று மதிப்பாக ஹெக்ஸ் எண்ணையும் ஒட்டிக் கொடுக்கும்.

அந்த மாற்று மதிப்பில்தான் ஆபத்து. சிஎஸ்எஸ் வேரியபிள் பெயர்களில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. டிசைனர் பெரிய எழுத்தில் தொடங்கிப் பெயர் வைத்திருக்கிறார், டெவலப்பரின் ஸ்டைல்ஷீட்டில் எல்லாம் சின்ன எழுத்து என்று வையுங்கள். ஒட்டிய கோட் இல்லாத ஒரு வேரியபிளைத் தேடும், கிடைக்காது, மாற்று மதிப்பை எடுத்துக்கொள்ளும். லைட் தீமில் நிறம் அச்சு அசலாகப் பொருந்தும். யாருக்கும் சந்தேகம் வராது. டார்க் தீமுக்கு மாற்றும் நாளில் அந்த ஒரு வரி மட்டும் கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக நிற்கும். ஒவ்வொரு வேரியபிளுக்கும் 'கோட் சின்டாக்ஸ்' என்று ஒரு இடம் ஃபிக்மா வைத்திருக்கிறது. வெப், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் மூன்றுக்கும் தனித்தனியாக எழுதலாம். ஸ்டைல்ஷீட்டில் இருக்கும் பெயரை எழுத்துப் பிசகாமல் அங்கே போடுங்கள். நூறு வேரியபிள் இருந்தாலும் ஒரு பகல் வேலைதான். இந்தக் கருவிக்காகச் செய்யும் தயாரிப்புகளில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை என்பது எங்கள் கணிப்பு.

இடைவெளிகளுக்கும் வேரியபிள் வைக்கலாம். 4, 8, 12, 16, 24, 32 என்று அளவுகோல் ஒன்று இருந்தும், கோப்பில் 13-உம் 17.5-உம் தென்பட்டால் டெவலப்பருக்கு அது வேண்டுமென்றே செய்ததா, கை தவறியதா என்று தெரியாது. பின்னப் பிக்சல்கள் எல்லாம் ஒப்படைக்கும் முன்பே போய்விட வேண்டும். பேனலின் அலகைப் பிக்சலிலிருந்து, பக்கத்தின் அடிப்படை எழுத்தளவை வைத்துக் கணக்கிடும் ரெம்முக்கு மாற்றிக்கொள்ளும் வசதி நல்ல வசதி. அடிப்படை 16 அல்லாத புராஜெக்ட் என்றால் அந்த எண்ணையும் மாற்றிவிடுங்கள்.

தமிழ் எழுத்து இருக்கும் பக்கங்கள்

தமிழ் வெப்சைட் செய்பவர்கள் இங்கே நின்று கவனிக்க வேண்டும். டிசைனில் இன்டர் எழுத்துருவைப் போட்டுத் தமிழில் தட்டச்சு செய்தால் ஃபிக்மாவில் தமிழ் அழகாகத் தெரியும். இன்டரில் தமிழ் எழுத்துகளே இல்லை. ஃபிக்மா சத்தமில்லாமல் வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. ஆனால் கோட் பேனல் 'ஃபான்ட்-ஃபேமிலி இன்டர்' என்று மட்டுமே சொல்லும். டெவலப்பர் அதை எழுதுவார். பிறகு விண்டோஸில் நிர்மலா யுஐ, ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு தமிழ் வந்து உட்காரும். அகலம் மாறும், வரி உடையும் இடம் மாறும், தடிமன் மாறும்.

இதோடு வரி உயரத்தை 'ஆட்டோ' என்று விட்டிருந்தால் சிக்கல் இரட்டிப்பு. கோட்டில் அது 'லைன்-ஹைட் நார்மல்' ஆகிறது. நார்மல் என்றால் எவ்வளவு என்பதை அந்தந்த எழுத்துருதான் தீர்மானிக்கும். ஒரே பத்தி மூன்று கருவிகளில் மூன்று உயரத்தில் நிற்கும். தமிழ் டெக்ஸ்ட் ஸ்டைல்களைத் தனியாகவே உருவாக்குங்கள். நோட்டோ சான்ஸ் தமிழோ வேறு ஒரு வெப் எழுத்துருவோ பெயர் சொல்லி வையுங்கள். வரி உயரத்தை எண்ணாகக் கொடுங்கள். 16 பிக்சல் எழுத்துக்கு 26 அல்லது 28 இருந்தால் 'கூ', 'ழு', 'ஞூ' போன்றவற்றின் கீழ்ப்பகுதி அடுத்த வரியின் 'கீ', 'சி'-யோடு உரசாது. ஆங்கிலத்துக்கு வைத்த 24 பல எழுத்துருக்களில் போதாது. ஆங்கிலத் தலைப்புகளுக்குக் கொடுத்த குறுகலான எழுத்து இடைவெளியைத் தமிழ் ஸ்டைலில் பூஜ்ஜியமாக்கிவிடுங்கள்.

பட்டன்களையும் பாருங்கள். 'சப்மிட்' என்று ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்கு அளந்து 96 பிக்சல் அகலம் வைத்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' நுழையாது. எந்த பட்டனுக்கும் அகலத்தை நிலையாக வைக்காமல் 'ஹக்' (உள்ளடக்கத்தின் அளவுக்கு) என்று விட்டு, இரு பக்கப் பேடிங்கை மட்டும் கொடுங்கள். இரு மொழித் தளம் என்றால் நீளமான மொழியில் வரைந்து ஒப்படைப்பது நல்லது.

ஐகானும் படமும்

ஏற்றுமதி செய்யும்போது கோப்பின் பெயர் லேயரின் பெயர்தான். 'ஃபிரேம் 427' என்ற பெயரில் ஐகான் வந்தால் அதை யார் எங்கே தேடுவது? லேயர் பெயரில் சாய்கோடு போட்டால் ஃபோல்டராகவே பிரிந்து வரும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஐகானை எடுக்கும்போது உள்ளே இருக்கும் வெக்டரை (வடிவத்தை மட்டும்) எடுக்காமல் 24-க்கு 24 ஃபிரேமை எடுக்க வேண்டும். வெக்டரை மட்டும் எடுத்தால் 18-க்கு 13 என்று ஏதோ ஒரு அளவில் வரும். வரிசையில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் தொங்கும். ஐகான் ஃபிரேமில் 'கிளிப் கன்டென்ட்' இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் எஸ்விஜி படக் கோப்புக்குள் தேவையில்லாத ஒரு கிளிப்-பாத்தும் (வெட்டும் எல்லை) அதற்கொரு ஐடியும் (அடையாளப் பெயர்) ஏறிக்கொள்ளும். அதே ஐகானை ஒரே பக்கத்தில் இரண்டு இடத்தில் நேரடியாக ஒட்டினால் ஐடி இரண்டு முறை வரும். மொபைல் மெனுவுக்குள் மறைத்து வைத்த முதல் ஐகானின் கிளிப்பை இரண்டாவது ஐகான் தேடப்போய், சில பிரவுசர்களில் ஐகானே காணாமல் போகும். நிறமும் ஹெக்ஸ் எண்ணாகப் பதிந்துதான் வரும், அதைப் பக்கத்து எழுத்தின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும் 'கரன்ட்கலர்' என்று மாற்றுவது டெவலப்பரின் வேலை.

புகைப்படங்களில் ஒன்றே ஒன்று. 400 பிக்சல் இடத்துக்கு இரு மடங்கு தெளிவு வேண்டுமென்றால் மூலப் படமே 800 இருக்க வேண்டும். 400 படத்தை வைத்துவிட்டு 2 எக்ஸ் என்று ஏற்றுமதி செய்தால் கோப்பு கனக்கும், படம் மங்கும்.

எது முடிந்தது, எது மாறியது

டெவ் மோட்டின் சிறந்த பகுதி கோட் பேனல் இல்லை, டிசைன் கட்டத் தயார் என்று சொல்லும் 'ரெடி ஃபார் டெவ்' குறிதான். செக்‌ஷன், ஃபிரேம், காம்போனென்ட் எதற்கும் இந்தக் குறியை வைக்கலாம். டெவலப்பருக்குக் குறியிட்டவை மட்டும் தனிப் பட்டியலாகக் கிடைக்கும். நாற்பது ஃபிரேமில் எது இறுதி, எது கைவிட்டது என்று துழாவ வேண்டாம். குறி வைத்த பிறகு டிசைனர் எதையாவது மாற்றினால் மாறியது என்று காட்டும். பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கமாக வைத்து எந்த லேயரில் எந்த மதிப்பு மாறியது என்று பார்க்கலாம். 16 ஆக இருந்த பேடிங் 20 ஆனதைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. இது காட்டிக் கொடுத்துவிடும். கட்டணத்துக்கு நியாயம் சொல்ல இந்த ஒரு வசதியே போதும்.

ஒரு பழக்கம் சேர்த்துக்கொண்டால் இன்னும் நன்றாக ஓடும். முழுப் பக்கத்துக்கும் ஒரே குறி வைக்காமல் லாகின், தேடல், கட்டணம் என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு செக்‌ஷன் போட்டுக் குறி வையுங்கள். ஒரு இடத்தில் செய்த சின்ன மாற்றத்துக்காக எல்லாமே மாறியதாகக் காட்டாது.

ஷிஃப்ட்டோடு டி-யை அழுத்தினால் டெவ் மோட் என்றோம். ஷிஃப்ட்டோடு எம் அழுத்தினால் அளவுக்கோடு; டிசைனின் மேல் குறிப்பு எழுதவும் கருவி உண்டு. குறிப்பில் லேயரின் மதிப்பையும் கோத்துவைக்கலாம், டிசைன் மாறினால் குறிப்பிலுள்ள எண்ணும் மாறும். ஆனால் எண்களைக் குறிப்பாக எழுதுவது வீண், அவை பேனலிலேயே இருக்கின்றன. படத்தில் தெரியாததை எழுதுங்கள்: தலைப்பு இரண்டு வரிக்கு மேல் போனால் எங்கே வெட்டுவது, பட்டியல் காலியாக இருந்தால் என்ன காட்டுவது, தரவு வந்துகொண்டிருக்கும்போது என்ன தெரியும், கட்டணம் தோற்றால் எந்தச் செய்தி, ஸ்க்ரோல் செய்யும்போது எது மேலே ஒட்டிக்கொள்ளும், கீபோர்டில் டேப் அழுத்தினால் எந்த வரிசையில் நகரும்.

அகலங்களுக்கு நடுவில் நடப்பதும் இந்த வகைதான். 375, 768, 1440 என்று மூன்று ஃபிரேம் கொடுத்தால் டெவ் மோட் மூன்றையும் தொடர்பில்லாத மூன்று பொருளாகத்தான் பார்க்கும். திரை அகலத்துக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் மீடியா க்வெரி எதையும் எழுதித் தராது. 900-இல் மெனு சுருங்குமா, கார்டுகள் மூன்றா இரண்டா என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். 'கார்டின் குறைந்தபட்ச அகலம் 280, இடைவெளி 24, முடிந்த அளவு பக்கத்தில் பக்கமாக' என்று ஒரு குறிப்பு, மூன்று கூடுதல் ஃபிரேம் செய்யும் வேலையைச் செய்துவிடும்.

கோட் கனெக்ட், எம்சிபி

கோட் கனெக்ட் மூலம் பொதுவான சிஎஸ்எஸ்ஸுக்குப் பதிலாக உங்கள் ரிப்போவில் (கோட் சேமித்து வைக்கும் இடத்தில்) இருக்கும் பட்டன் காம்போனென்ட்டையே பேனலில் காட்ட வைக்கலாம். ஆர்கனைசேஷன், என்டர்பிரைஸ் திட்டங்களில் மட்டும்தான் கிடைக்கும். காம்போனென்ட் நூலகம் நிலைபெறாத குழு இதில் இறங்க வேண்டாம், இணைப்புகளைத் திருத்திக்கொண்டே காலம் போகும். 2025-இல் வந்த எம்சிபி சர்வர், ஏஐ கோட் எடிட்டர்களுக்கு டிசைனைப் படித்துக் கொடுக்கிறது. அதற்குக் கிடைக்கும் தகவலும் லேயர் பெயர், ஆட்டோ லேஅவுட், வேரியபிள் இவைதான். மேலே சொன்ன ஒழுங்கு இல்லாத கோப்பிலிருந்து அது எழுதும் கோட்டைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதிவிடலாம்.

விலையும் மாற்றும்

இலவசத் திட்டத்தில் டெவ் மோட் கிடையாது. 2025 மார்ச்சில் மாற்றிய விலைப்படி, ப்ரொஃபெஷனல் திட்டத்தில் டெவ் சீட்டுக்கு (டெவலப்பர் ஒருவருக்கான உரிமம்) ஆண்டுக் கட்டணமாகச் செலுத்தினால் ஒருவருக்கு மாதம் 12 டாலர், மாதாமாதம் என்றால் 15. டிசைனர் வாங்கும் ஃபுல் சீட்டில் இது அடங்கிவிடுகிறது. ஆர்கனைசேஷன் திட்டத்தில் டெவ் சீட் 25 டாலர், இரண்டு மடங்குக்கும் மேல். கோட் கனெக்ட் தேவைப்படாத சிறு குழு அந்தப் பக்கம் போகக் காரணமில்லை.

மாற்று வேண்டுவோருக்கு பென்பாட் இருக்கிறது. திறந்த மூலம், கோட் பார்க்கக் காசு கேட்பதில்லை, அதன் லேஅவுட்டே சிஎஸ்எஸ் ஃப்ளெக்ஸ், கிரிட் அடிப்படையில் அமைந்தது என்பதால் எண்கள் பிரவுசரோடு நன்றாக ஒத்துப்போகின்றன. கணிசமான ஃபிக்மா கோப்புகளை ஏற்கெனவே வைத்திருக்கும் குழுவுக்கு இடம் மாறுவது பெரும்பாடு. செப்ளின் என்ற இன்னொரு ஒப்படைப்புக் கருவியில் டிசைனர் அனுப்பினால்தான் டெவலப்பருக்குப் புதியது தெரியும். வேலை நடுவில் டிசைன் காலடியில் நகராது என்பதால் வெளி நிறுவனத்துக்கு ஒப்படைப்பவர்களுக்கு அது பிடிக்கும். பழைய டிசைன் கருவிகளில் இன்விஷன் 2024 இறுதியோடு மூடப்பட்டது, அடோபி எக்ஸ்டியில் புதிய வசதிகள் வருவதில்லை. இரண்டிலும் கிடக்கும் பழைய புராஜெக்ட்டுகளை அப்படியே தொடர நினைக்க வேண்டாம்.

வாங்குவதென்றால் எல்லா டெவலப்பருக்கும் ஒரே நாளில் சீட் எடுக்காதீர்கள். பேக்எண்ட் (சர்வர் பக்கக் கோட்) எழுதுபவருக்கும், எப்போதாவது ஒரு நிறம் பார்க்க வருபவருக்கும் பார்வையாளர் அணுகலே போதும். யுஐ எழுதும் ஒருவருக்கு மாதக் கட்டணத்தில் ஒரு சீட் எடுத்து, வேரியபிள் பெயர்களும் ஆட்டோ லேஅவுட்டும் சரிசெய்த ஒரே ஒரு செக்‌ஷனை அவரிடம் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். அவர் டிசைனரிடம் திரும்ப வந்து கேட்கும் கேள்விகளை எழுதி வையுங்கள். கேள்விகள் நடத்தை பற்றியவையாக இருந்தால் குறிப்புகளைக் கூட்டிக்கொண்டு மற்றவர்களுக்கும் சீட் எடுக்கலாம். 'இது எத்தனை பிக்சல்?' என்ற கேள்வியே இன்னும் வந்துகொண்டிருந்தால் கோப்பை முதலில் சரிசெய்யுங்கள், ஆண்டுக் கட்டணம் அதன் பிறகு.